முகம் நாளைக்கு வரும்

எந்தப் படத்தைக் காட்டினாலும் அது தன்னுடைய படம்தான் என்று சொல்லிவிடுகிற ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அவருடைய சொந்தப் போட்டோவைக் காட்டினால் மட்டும், "இது நான் இல்ல" என்பார்.

அந்தமானில், போர்ட் பிளேரின் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு. தீவுகளுக்கு நடுவே ஓடுகிற கப்பலில் சமையல் வேலை. கப்பல் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள். அதனால் குவார்ட்டர்ஸில் பெரியவர்களுக்கெல்லாம் அவர் பண்டாரி அண்ணன், எனக்குப் பண்டாரி மாமா. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். நாங்கள் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, ரங்கத் பக்கம் குடியேறி, அப்பாவுக்கு ஆபீஸ் டிரைவர் வேலை கிடைத்ததும் போர்ட் பிளேருக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் தமிழ் எங்களுக்கு விசித்திரம், எங்கள் தமிழ் அவர்களுக்கு விசித்திரம். தண்ணீர்க் குழாய்க்காகச் சண்டை வந்தால் இரண்டு வீடும் இந்தியில் போட்டுக்கொள்ளும். அதில் இரண்டு வீடுமே சரிசமமாக மோசம் என்பதால் சண்டை நியாயமாக நடக்கும்.

மாமா குள்ளம். தலையில் ஒரு முடி கிடையாது. கீழுதடு கொஞ்சம் தொங்கும், இடது கண் வலது கண்ணைவிடச் சிறியது. வயிற்றைப் பார்த்தாலே கப்பலில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று தெரிந்துவிடும்.

அவர் வீட்டுச் சுவரில் செபஸ்தியார் காலண்டர் தொங்கும். அம்பு தைத்த அகன்ற மார்பு, ஒடுங்கிய இடுப்பு. அதைக் காட்டி, "கல்யாணத்துக்கு முன்னால நான் அச்சு அசல் இப்படித்தான் மக்கா இருப்பேன். அம்பு மட்டும் கெடையாது" என்பார். அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வரும்: "சாமி படத்தையாவது விட்டு வையும்." அபர்டீன் பஜாரில் ஒரு சிமெண்ட் விளம்பரப் பலகை இருந்தது. இரண்டு கையாலும் ஒரு கட்டடத்தையே தூக்கிக்கொண்டு நிற்பான் ஒருவன். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மாமா நின்று பார்ப்பார். "தோளப் பாத்தியா? எவனோ நான் குளிக்கும்போது பாத்துட்டுப் போயி வரஞ்சிருக்கான்."

தீவுவாசிகளுக்குத் தரும் அடையாள அட்டையான ஐலேண்டர் கார்டு வாங்கப் போன கதையை அத்தைதான் சொல்வார். கார்டை வாங்கிப் பார்த்த மாமா அதைக் கவுண்டருக்குள் திருப்பித் தள்ளி, "யே ஹம் நஹி ஹை" என்றாராம். இது நான் இல்லை. உள்ளே இருந்தவர், "தோ கௌன் ஹை?" என்றாராம். பின்னே யார்? அது படம் எடுத்தவருக்குத்தானே தெரியும் என்று மாமா சொல்ல, பின்னால் நின்ற வரிசை கத்த ஆரம்பித்துவிட்டது. மறுபடி உட்காரவைத்து எடுத்தார்கள். அதிலும் அவர் இல்லை. கடைசியில் அத்தை முன்னால் போய், இது என் புருஷன்தான், நான் பொறுப்பு என்று சொல்லி வாங்கி வந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமா அத்தையோடு பேசவில்லையாம். எவனோ ஒருத்தனைப் புருஷன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாளே என்று கோபம்.

இப்படிப்பட்டவருக்குப் பக்கத்து வீட்டில் நான் ஓவியராக இருந்தேன்.

பத்தாம் வகுப்பு முடித்த சமயம். எனக்கென்று ஒரு கதாநாயகன் இருந்தான். இப்போது பிள்ளைகள் ஒரிஜினல் கேரக்டர் என்கிறார்களே, அது. யாரையும் பார்த்து வரையாத, என் மண்டையிலேயே பிறந்த ஆள். பெயர் ஓதவேந்தன். ஓதம் என்றால் கடல் ஏற்றம் என்று அகராதியில் தேடிக் கண்டுபிடித்தேன். அர்த்தம் சொல்லாமல் அந்தப் பெயரை யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. கடல் ஏறும்போது அவனுடைய பலம் ஏறும், வற்றும்போது வற்றிவிடும். கப்பல்துறையில் ஒட்டியிருக்கும் கடல் ஏற்ற இறக்க நேர அட்டவணையை வில்லன்கள் பார்த்துவிட்டு வந்தால் கதை முதல் பக்கத்திலேயே முடிந்துபோகும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பெரிய டிராயிங் ஷீட்டில் அவனை வரைந்தேன். அகன்ற தோள், வரிவரியாகப் பிரிந்த வயிறு, கையில் ஈட்டி, தலைநிறையச் சுருள் முடி. முகம் மட்டும் இல்லை. முகத்துக்கு அவசரப்படக் கூடாது, அது தானாக வரவேண்டும் என்று பெரிய கலைஞர் மாதிரி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அந்தச் சுருள் முடி ஃபிசிக்ஸ் டியூஷனில் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்த ஒருவனுடையது. அவனைப் பின்னாலிருந்து மட்டுமே பார்த்திருந்தேன். ஒரு பின்னந்தலைக்கு முகம் போடுகிற அளவுக்கு என் கற்பனை வளரவில்லை. மண்டையில் பிறந்தவன் என்று சொன்னது கழுத்துக்குக் கீழே மட்டும்தான் உண்மை.

மெத்தையை வெயிலில் போட எடுத்த அம்மாவின் கையில் அது சிக்கியது.

"யாருடி இவன்?"

"யாரும் இல்லம்மா."

"யாரும் இல்லாதவனுக்கு இம்புட்டு நெஞ்சு எதுக்கு?"

கற்பனைப் பாத்திரம் என்று விளக்கினேன். ஆள் இல்லாமல் ஆளை வரைய முடியும் என்பதை அம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை. "மாட்டைப் போட்டா மாட்டைப் பாத்துத்தானே போடுற? சட்ட வேற இல்ல. சொல்லுடி, யாரு?" சத்தம் ஏறிக்கொண்டே போனது. "அப்பா வரட்டும். டியூசனும் வேணாம், படமும் வேணாம். ரங்கத்துல சித்தி வீட்டுக்குப் போயி பாக்குப் பொறுக்கு, புத்தி வரும்." என் பென்சில் டப்பா அம்மாவின் இடது கையில் இருந்தது. வலது கையில் விளக்குமாறு. அம்மா விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. ஒரு வாரத்தில் நான் தோட்டத்தில் பாக்குப் பொறுக்கிக்கொண்டிருப்பேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் மீன்குழம்புக் கிண்ணத்தோடு மாமா உள்ளே வந்தார். முந்தின நாள் கப்பலிலிருந்து இறங்கியிருந்தார். அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அட, இது நான்லா!"

அம்மா அவரைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள்.

"முடி?"

"உப்புக் காத்துல கொட்டுறதுக்கு முன்னால உள்ளது தங்கச்சி."

"வயிறு?"

"அது உள்ள அப்படியே இருக்கு. மேல கெடக்கது சும்மா சாப்பாடு."

"மூஞ்சியே இல்லையேண்ணே?"

"நேத்துவரைக்கும் நான் கப்பல்ல கெடந்தேன். ஆளப் பாக்காம மூஞ்சிய எப்படிப் போடுவா? முகம் நாளைக்கு வரும்."

அம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அதானே பாத்தேன்" என்றாள். பென்சில் டப்பா என் கைக்கு வந்தது. மீன்குழம்பு அடுக்களைக்குப் போனது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அடி வாங்கியிருந்தால்கூட ஓவியருக்குரிய மரியாதையோடு வாங்கியிருப்பேன். நான் யோசித்து யோசித்துப் படைத்த கடல்வீரனை, அகராதி பார்த்துப் பெயர் வைத்தவனை, ஒரு வழுக்கைத் தலைச் சமையல்காரர் வந்து சட்டை மாதிரி எடுத்துப் போட்டுக்கொண்டு போகிறாரே என்று அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாவது வேளை அந்த மீன்குழம்பு இருந்ததால் சாப்பிட்டேன்.

சொன்னபடி மறுநாள் முகத்தோடு வந்துவிட்டார். கப்பலில் சாம்பார் கிண்டுகிற நீளக் கரண்டியை ஈட்டி மாதிரி பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வராந்தாவில் பக்கவாட்டில் நின்றார். மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார். வாயைத் திறந்தால் வயிறு வெளியே வந்துவிடும் என்பதால் சைகையிலேயே பேசுவார். தோள் இன்னும் கொஞ்சம் அகலம், கழுத்து போதும். அம்மா அந்தப் பக்கம் வந்தால் மட்டும் வயிற்றை விட்டுவிட்டுச் சத்தமாகச் சொல்வார்: "தங்கச்சி, காது நம்ம காது மாதிரி வருதான்னு ஒரு எட்டுப் பாரு." நான் ஒன்றும் வரையாமல் பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பேன். அந்த வருஷம் நான் வரைந்ததைவிடச் சீவியது அதிகம்.

கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் இது நடந்தது. குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. கீழ்வீட்டு பெங்காலி மாமி என்னைப் பார்த்தால், "பண்டாரி கா ஃபோட்டோ பன் கயா?" என்று கேட்பார், பண்டாரி படம் ஆகிவிட்டதா என்று. அப்பாவுக்கு டூட்டி இருக்கும் மழை நாட்களில் மாமாதான் குடையோடு டியூஷன் வாசலில் நின்று என்னைக் கூட்டி வருவார். அங்கே நின்றுகொண்டு என் சிநேகிதிகளிடமும், "என்னையத்தான் வரையுதா. கழுத்துவரைக்கும் முடிஞ்சிட்டு" என்பார். நான் குடைக்குள் வராமல் நனைந்துகொண்டே முன்னால் நடப்பேன்.

அந்தச் சுருள் முடிக்காரனின் முகத்தையும் ஒருநாள் பார்த்தேன். ஸ்கேல் கேட்பதற்காகத் திரும்பினான். மேலுதட்டில் மீசை என்று அவன் நம்பிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இருந்தது. அந்த முடிக்கும் அந்த முகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஸ்கேலைக் கொடுத்தேன். திரும்ப வரவில்லை. அதற்குப் பிறகு ஓதவேந்தனுக்கு முகம் கிடைக்கிற கடைசி வழியும் அடைபட்டது. முகம் வரைய உட்கார்ந்தால் தொங்கும் கீழுதடு வந்துவிடும், அழித்தால் பூனை மீசை வந்துவிடும். அழித்து அழித்து அந்த இடத்தில் காகிதம் மெலிந்து வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. அப்பாவின் எக்ஸ்ரே வந்த பெரிய கவர் ஒன்று வீட்டில் கிடந்தது. படத்தை அதற்குள் போட்டு வைத்தேன்.

ஒருமுறை ரங்கத்துக்குச் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு அவருடைய கப்பலிலேயே போனோம். மாமா என்னை அழைத்துக்கொண்டு போய்க் கப்பல் ஆட்கள் எல்லாருக்கும் காட்டினார். "யே ஹமாரா ஆர்ட்டிஸ்ட் ஹை. ஹம்கோ பனாத்தா." எங்கள் ஓவியர், என்னை வரைகிறவர். வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவர் என்னை ஓவியர் என்று நாலு பேருக்கு அறிமுகப்படுத்திய அந்த நேரத்தில் நான் ஒரு வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். கடலில் பிறந்த வீரனைப் படைத்தவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. மாமா முதுகைத் தடவிக்கொண்டே மற்றவர்களிடம், "பெரிய ஆர்ட்டிஸ்ட்டுன்னா இப்படித்தான், ஒடம்பு ரொம்ப மெல்லிசு" என்று விளக்கம் சொன்னார்.

ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மெயின்லேண்டுக்குப் புறப்பட்டார்கள். ஹேடோ கப்பல்துறைக்கு வழியனுப்பப் போனோம். அத்தையும் அம்மாவும் கட்டிப்பிடித்து அழுதார்கள். மாமா என்னிடம் வந்து, "முகத்த மட்டும் வச்சிரு மக்கா. பாதியில நிக்க ஒரு மாதிரி இருக்கு" என்றார். நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். இந்த ஜென்மத்துக்கு அவரிடமிருந்து விடுதலை என்று நினைத்து, "வச்சிடுறேன் மாமா" என்றேன்.

விடுதலை எல்லாம் இல்லை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அன்று போன் வரும். அம்மாவிடம் நலம் விசாரிப்பார், அப்பா இறந்த வருஷம் நிறைய நேரம் அழுதார், பிறகு என்னைக் கேட்பார். எடுத்ததும் ஒரே கேள்வி: "என்ன மக்கா, என்னைய முடிச்சிட்டியா?"

"இல்ல மாமா. வேலை இருந்துச்சு."

"சரி. அவசரமில்ல. நான் இங்கதான் இருக்கேன்."

வேலை இருந்தது என்பது பொய்யில்லை. ஒரு ஆபீஸில் கிளார்க் ஆனேன். என் ஓவியத் திறமை அங்கே முழுமையாகப் பயன்பட்டது. இந்தி வாரம் வந்தால் போஸ்டருக்குப் பார்டர் போடுவேன். யாராவது ரிட்டயர் ஆனால் தெர்மாகோலில் எழுத்து வெட்டுவேன். மேலதிகாரி மாறுதலாகிப் போனால் அவர் பெயரைச் சுற்றி ரோஜா. ரோஜாவுக்கு முகம் கிடையாது என்பது எனக்கு வசதியாக இருந்தது. இப்படியே நாற்பதைத் தாண்டிவிட்டேன். அம்மா என்னோடு இருக்கிறாள். எக்ஸ்ரே கவர் பீரோவுக்கு மேலே இருந்தது.

இந்த வருஷம்தான் அதைக் கீழே இறக்கினேன். ஆபீஸில் எல்லாரும் போனில் ஏஐ செயலி ஒன்றை வைத்துக்கொண்டு தங்களை ராஜாவாகவும் ராணியாகவும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதி வரைந்த படத்தைக் கொடுத்தால் மீதியை முடித்துக் கொடுக்கும் என்று யாரோ சொன்னார்கள். நான் அதை எள்ளி நகையாடினேன். கலை என்பது என்ன தெரியுமா என்று கேண்டீனில் சின்னப் பிரசங்கம் ஒன்றும் செய்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அதே செயலியை இறக்கினேன்.

ஓதவேந்தனைப் போட்டோ எடுத்து ஏற்றினேன். "என்ன அருமையான சொந்தக் கதாபாத்திரம்! கோடுகளில் உங்கள் தனித்தன்மை தெரிகிறது" என்று வந்தது. என் வாழ்நாளில் அவனைச் சொந்தக் கதாபாத்திரம் என்று ஒப்புக்கொண்ட முதல் ஜீவன் அதுதான். ஒரு செயலிக்கு முன்னால் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தும் வைத்தேன். அது எல்லாருக்கும் அதையேதான் சொல்லும் என்பது மறுநாள் கேண்டீனில் தெரிந்தது.

அம்மா டீ போட்டு முடிப்பதற்குள் படம் வந்துவிட்டது. தாடை சதுரமாக, மூக்கு கத்தி மாதிரி, கண்ணில் ஏதோ ஒரு ஏக்கம். சுருள் முடி காற்றில் பறந்தது. பின்னால் ஒரு கடற்கரை, அதற்குப் பின்னால் புகை விடும் எரிமலை. அந்தமான் என்று எழுதியிருந்தேன், அந்தமானில் அதற்குத் தெரிந்தது எரிமலைத் தீவு ஒன்றுதான் போலிருக்கிறது. வழுக்கை இல்லை, தொங்கும் உதடு இல்லை, பூனை மீசை இல்லை. பதினைந்து வயதில் நான் எந்த முகத்துக்காகத் தவம் கிடந்தேனோ அந்த முகம். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் பல்பொடி விளம்பரத்தில் பார்த்த ஆளை வீட்டுக்குள் கூட்டி வந்த மாதிரி இருந்தது. இவனோடு என்ன பேசுவது என்றே தெரியவில்லை. படத்தைப் போனில் அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் தூத்துக்குடியிலிருந்து மாமாவின் மகள் பேசினார். என்னைவிடப் பெரியவர், அக்கா என்பேன். அத்தை இறந்து சில வருஷமாகிறது, மாமா அக்கா வீட்டில்தான் இருக்கிறார். கீழே விழுந்ததிலிருந்து ஞாபகம் நிற்பதில்லையாம். சில நாள் அக்காவை அத்தை என்று நினைக்கிறார், சில நாள் கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று விடிந்ததும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"ஒன்னைய மட்டும் மறக்கல பாத்துக்கோ. அந்தப் புள்ள என்னைய முடிச்சிட்டாளா, முடிச்சிட்டாளான்னு தெனமும் கேக்காங்க. என்னன்னு எனக்கு வெளங்கல. நீ ஏதாச்சும் வரையணுமா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை கிறிஸ்துமஸ்களையும் வேலை இருக்கிறது என்று சொல்லித் தள்ளிவிட்டேனே. இனி தள்ள முடியாது. அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை, அந்த உடம்புக்கு மேலே அவர் முகம். ஓதவேந்தனும் வேண்டாம், அகராதியும் வேண்டாம், இந்த முறை நிஜமாகவே அவரை வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கையால் வரைய உட்கார்ந்தேன். ரோஜா வந்தது. வேறு வழியில்லாமல் அக்காவிடம் மாமாவின் போட்டோ ஒன்று வாங்கி, செயலியிடமே மறுபடியும் போய் நின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கு நின்றேன். வழுக்கை என்றேன், ஒரு நடிகரின் வழுக்கையைக் கொடுத்தது. தொப்பை என்றால் கிறிஸ்துமஸ் தாத்தாவாக்கியது. கீழுதடு தொங்க வேண்டும் என்றால் அழுகிற மாதிரி ஆனது. அவர் அழ மாட்டார், சிரிக்கும்போதும் அந்த உதடு அப்படித்தான் இருக்கும் என்று எழுதினேன். இடது கண் சிறியது என்றேன், கண்ணடித்தது. ஒவ்வொரு தடவையும் "மன்னிக்கவும், இதோ திருத்திய படம்" என்று வரும். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். உப்புக்காற்றில் கறுத்த கன்னம். புருவத்தில் எண்ணெய் தெறித்த தழும்பு. வயிற்றை இழுத்துப் பிடித்திருப்பதால் உப்பிய கழுத்து. இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று எனக்கே ஆச்சரியம். பென்சில் சீவிக்கொண்டிருந்த காலத்தில் நான் அவரைப் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். சாயங்காலம் அவர் வந்துவிட்டார். எங்கள் வராந்தாவில் நின்ற அதே மாமா, கையில் கரண்டி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மனிதருக்குக் கொடுத்த வாக்கை முடித்துவிட்டேன் என்று அக்காவுக்கு அனுப்பிவைத்து, வீடியோ காலில் வரச் சொன்னேன்.

அம்மா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். திரையில் மாமா தெரிந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் பாதியாகச் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். அந்த வயிறு எங்கே போனது என்று தெரியவில்லை. அக்கா அவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, படத்தைத் தன் போனிலிருந்து காட்டினார்.

மாமா கூர்ந்து பார்த்தார்.

"யாரு இந்தக் கிழவன்?"

"மாமா, நீங்கதான்" என்றேன். "முடிச்சிட்டேன் மாமா."

"நானா?" மறுபடி பார்த்தார். "தொப்பையும் மொட்டத் தலையுமா... சவத்த, இது நான் இல்ல மக்கா."

அக்கா தர்மசங்கடமாகச் சிரித்தார். அந்த ஐலேண்டர் கார்டு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில் நானும் போய் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது போகட்டும். மாமாவின் முகம் வாடிவிட்டது. அதைப் பார்க்க முடியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், போனில் கிடந்த அந்த முதல் படத்தை, எரிமலைக்கு முன்னால் நிற்கும் பல்பொடி விளம்பரக்காரனை, அக்காவுக்குத் தள்ளிவிட்டேன். "அக்கா, இதைக் காட்டுங்க."

அந்தப் படத்தில் மாமாவின் சாயல் ஒரு துளிகூடக் கிடையாது. மாமா அதை வெகுநேரம் பார்த்தார். தோளைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், முடியைப் பார்த்தார். கீழுதடு மெல்லப் பழைய மாதிரி தொங்கிச் சிரித்தது.

"ஆங். இவன்தான்."

பிறகு அக்காவிடம் போனைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். திரை முழுக்க அவர் வாய் மட்டும்தான் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்த்திக்கொண்டதாக அவர் நினைத்தார், எனக்கு அறை முழுக்கக் கேட்டது.

"மக்கா, அம்மா பக்கத்துல நிக்காளா?"

அம்மாவின் கை நெத்திலிமேல் நின்றது.

"இல்ல மாமா" என்றேன்.

"கேட்டான்னா நான்தான்னு சொல்லிரு. டியூசன்ல ஒனக்கு முன்னால இருக்கானே அந்தச் சுருட்ட முடிக்காரப் பய, அவன் பேர மட்டும் எடுத்துராத. தோட்டத்துக்கு அனுப்பிருவா. நீ பயப்படாத. நான் பாத்துக்கிடுதேன்."

மழைநாளில் குடையோடு டியூஷன் வாசலில் நின்றவர் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அன்று அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அந்த ஒரு நொடியிலேயே என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் படத்தைத் திருடிக்கொண்டார் என்று இத்தனை வருஷமும் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அவரோ ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போன் செய்து, இன்னும் அது நான்தானே என்று விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். "சரி மாமா" என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னேனா என்று தெரியவில்லை. லைன் சிக்கி, திரையில் மாமா பாதிச் சிரிப்பில் அப்படியே நின்றுவிட்டார்.

அம்மா மீன் கையோடு என்னைப் பார்த்தாள்.

"யாருடி அது, சுருட்ட முடிக்காரன்?"

நான் நாற்பது வயது தாண்டியவள், நரைக்கு டை அடிக்கிறவள், ஆபீஸில் நாலு பேர் மேடம் என்று கூப்பிடுகிறவள். ஒரு நொடியில் மறுபடியும் பதினைந்து வயதுக்காரி ஆகிவிட்டேன். போனை அவள் பக்கம் திருப்பி, சட்டை போடாத அந்த எரிமலைக்காரனைக் காட்டினேன்.

"மாமாதாம்மா. முடி கொட்டுறதுக்கு முன்னால."

அம்மா படத்தைப் பார்த்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்தாள். பிறகு குனிந்து அடுத்த நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளினாள்.

"அதானே பாத்தேன்" என்றாள்.